தைலமரக் காட்டுக்கும் அய்யனார் காட்டுக்கும் நடுவே

தஞ்சாவூரை விட்டுக் கந்தர்வகோட்டைக்கு வந்து சேர்வதற்குள் மண்ணின் நிறம் மாறிவிடும். டெல்டாவின் வண்டல் பின்னால் தங்கிவிட, செம்மண்ணும் செம்புறாங்கல்லும் முன்னால் வரும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையை வறுத்து, தட்டி, பொட்டலம் போட்டு விற்பார்கள். அந்தப் புகை வாசனைக்குப் பேருந்துப் பயணிகள் பாதிப்பேர் விழித்துக்கொள்வார்கள். முந்திரித் தோப்பைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில், தோல் உரிந்த வெள்ளைத் தண்டோடு நிற்பது தைலமரம். புதுக்கோட்டைச் சீமையில் அதற்கு ஆர்.எஸ்.பதி என்று பெயர். படித்தவர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் காடு என்று பதிவேட்டில் இருப்பது மொத்தப் பரப்பில் 5 சதவீதம் வாக்கில்தான். மன்னர் காலத்து வேட்டைக்காடுகளும் புதர்க்காடுகளுமாக இருந்தவை அவை. 1974-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. காகித ஆலைக்கும் விறகுக்கும் மரம் வேண்டும், இயற்கைக் காட்டில் கை வைக்கக்கூடாது, அதனால் சீரழிந்த காட்டு நிலத்தில் தோட்டம் போட்டு வளர்ப்போம் என்பது திட்டம். அந்த நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தைலமரமும் முந்திரியும் வந்தது அப்படித்தான். வறண்ட மண்ணில், ஆடு மாடு கடிக்காமல், தண்ணீர் விடாமல் கிடுகிடுவென வளரும் மரம் வேறு எது இருக்கிறது என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்வது கஷ்டம்தான்.

தண்ணீர் விடத் தேவையில்லை என்பதைத்தான் இன்று விவசாயிகள் வேறு மாதிரி சொல்கிறார்கள். "நாம விடல, அதுவா எடுத்துக்கிச்சு."

தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பது ஊர்ப் பேச்சு. அதில் எவ்வளவு உண்மை என்று பார்த்தால், ஒரு கிலோ கட்டையை உண்டாக்க அந்த மரம் குடிக்கும் தண்ணீர் மற்ற பல மரங்கள் குடிப்பதைவிடக் கூடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு வருஷத்தில் உண்டாக்கும் கட்டையே அதிகம். நெருக்கமாக, ஆயிரக்கணக்கான ஏக்கரில், மழை 900 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே பெய்யும் ஊரில் அதை நிறுத்தினால், மேல்மண்ணில் இறங்கும் ஈரத்தில் பெரும்பங்கை மரமே வாங்கிக்கொள்ளும். கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போக மிச்சம் குறைவு. ஒரு மரத்தைப் பழிப்பதைவிட எத்தனை மரம், எந்த இடத்தில் என்று கேட்பதுதான் நியாயம்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. தோட்டத்துக்குள் மழைநீர் நிற்க வேண்டும் என்று வரிசைக்கு வரிசை குறுக்கே குழி வெட்டி வரப்புப் போடுவார்கள். மண்ணரிப்பைத் தடுக்க நல்ல வழிதான். ஆனால் புதுக்கோட்டைக் கண்மாய்கள் ஆற்றை நம்பியவை அல்ல. மாவட்டத்தில் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளம், ஏந்தல்களில் பெரும்பாலானவை மேட்டுக்காட்டில் பெய்யும் மழை, வரத்து வாரி வழியே ஓடி வந்து நிரம்ப வேண்டியவை. மேட்டில் வரிசைக்கு வரிசை வரப்பு நின்றால் வாரிக்குத் தண்ணீர் இறங்காது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் கண்மாய் மடை நனையவில்லை என்ற புகார் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களில் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய ஒன்று. மரமும் அரசு நட்டதுதான், கண்மாயும் அரசுக் கண்மாய்தான். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் மடைக்குக் கீழே அரை ஏக்கர் வைத்திருப்பவர்.

தனியார் நிலத்திலும் ஆர்.எஸ்.பதி குறைவில்லை. காகித ஆலைகள் கன்று கொடுத்து, விளைந்ததை வாங்கிக்கொள்கின்றன. புகளூரில் இருக்கும் அரசுக் காகித ஆலையும் அப்படிப் பண்ணைக் காடு வளர்க்க விவசாயிகளோடு ஒப்பந்தம் போடுகிறது. ஆள் கூலி கட்டுப்படியாகாத வீட்டில், பிள்ளைகள் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கும் வீட்டில், நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தமாகக் காசு வந்தால் போதும் என்று நினைப்பதில் தப்பில்லை. வெட்டிய கட்டையிலிருந்தே திரும்பத் துளிர்த்து அடுத்த வெட்டும் வரும். அந்த நிலத்தில் மறுபடி கடலை போடலாம் என்று நினைக்கிறவர்தான் கட்டையைத் தோண்ட ஜே.சி.பி. வாடகை கேட்டுத் தலையில் கை வைப்பார். போடும்போதே எடுக்கும் செலவையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு

ஆலங்குடிக்குக் கிழக்கே போகப்போக ஊர் வேறு மாதிரி ஆகிறது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம். தென்னை, வாழை, பலா, மல்லிகை, சம்பங்கி, வெற்றிலைக் கொடிக்கால். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். வடகாட்டுப் பலா என்றால் தனி மதிப்பு. இதே செம்மண்தான், இதே மழைதான். ஆழ்துளைக் கிணறும் உழைப்பும் சேர்ந்து இந்தப் பகுதியைத் தோப்பாக மாற்றின. கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் இறங்கிக்கொண்டே போனது தனிக் கதை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி இந்த வழியாகத்தான் மேற்கே போனது. தென்னை வேரோடு சாய்ந்தது, பலா கிளை முறிந்து மொட்டையானது, மா இரண்டாகப் பிளந்தது. அப்பா நட்ட மரத்தில் பிள்ளை காய் பறித்து, பேரன் படிப்புச் செலவு பார்த்த வீடுகள் ஒரே இரவில் வெறும் நிலமாயின. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. பெற்றவர்களுக்கு அது உதவியாக இருந்தது. ஆனால் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம், விதைப் பலா காய்க்க ஏழெட்டு வருஷம். அந்த வருஷங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. பனை மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது. அதுவரை செங்கல் சூளைக்குப் பனையை விற்றவர்கள்கூட அதை அண்ணாந்து பார்த்தார்கள். 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டுக்குத் திட்டம் அறிவித்ததும், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வைத்ததும் இந்தப் பகுதிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

கீரமங்கலத்தை ஒட்டியது சேந்தன்குடி. 'மரம்' தங்கசாமியின் ஊர். ஊருக்கே கிறுக்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று சொந்த நிலத்தில் வகைவகையாக மரம் நட்டு, 'கற்பகச் சோலை' என்று பெயர் வைத்துக் காடாக்கியவர். கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் மரக்கன்றோடு போனவர். 2018 செப்டம்பரில் அவர் காலமானார்; இரண்டே மாதத்தில் கஜா வந்தது. அவர் சொல்லி வந்ததில் விவசாயிகளுக்கு இன்றும் பயன்படுவது ஒன்று: ஒரே மரத்தை நடாதே, கலந்து நடு. ஒரே சாதி மரம் நின்றால் பூச்சி வந்தாலும் சரி, விலை விழுந்தாலும் சரி, புயல் வந்தாலும் சரி, எல்லாம் ஒன்றாகப் போகும்.

விலை விழுவது சும்மா பயமுறுத்தல் இல்லை. 1990-களில் தேக்கு வளர்ப்புத் திட்டம் என்று விளம்பரம் செய்து பணம் வசூலித்துக் காணாமல் போன நிறுவனங்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈமு கோழியை யாரும் மறக்கவில்லை. பிறகு மலைவேம்பு ஒரு அலையாக வந்தது. மலைவேம்பு நல்ல மரம், ஒட்டுப்பலகைக்கு ஏற்றது, தண்ணீரும் வடிகாலும் உள்ள நிலத்தில் வேகமாக வளரும். ஆனால் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று துண்டறிக்கையில் போட்டதை நம்பி நட்டவர்கள், வெட்டும் நேரத்தில் வாங்க ஆளைத் தேடினார்கள். தேக்கிலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் பருத்து நிற்பது எல்லாம் தேக்கு அல்ல. உள்ளே வைரம் பாயாமல் வெளுத்த கட்டையாக இருந்தால் வியாபாரி பாதி விலைதான் சொல்வார். தேக்குக்கு அவசரப்படுகிறவர் சவுக்கு போட்டுக்கொள்வது நல்லது. மூன்று நான்கு வருஷத்தில் வெட்டிவிடலாம், அதன் வேர் முடிச்சுகள் காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், வாழைத் தோட்டத்துக்கு மேல்காற்றுத் தடுப்பாகவும் நிற்கும்.

ஏழு ரூபாய்க் கணக்கு

இப்போது அரசு இரண்டு வழியாக மரத்தோடு வருகிறது. 2022 செப்டம்பர் 24-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தில் 24 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் காடு, மரப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. காட்டு நிலம் மட்டும் வைத்துக்கொண்டு இந்த இலக்கை எட்ட முடியாது. பட்டா நிலத்து வரப்புக்கு வந்தாக வேண்டும். அதற்குத்தான் வேளாண்மைத் துறை வழியாக நடக்கும் 'நீடித்த நிலையான விவசாய நிலங்களில் பசுமைப் போர்வை இயக்கம்'. வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்று, வயல் முழுக்க நட 160 கன்று, விலையில்லாமல் கிடைக்கும். இரண்டாம் வருஷம் முதல் மூன்று வருஷத்துக்கு, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு வருஷத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை.

கீரமங்கலம் பக்கத்து வரப்பு ஒன்றில் கன்று எண்ண வந்த உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒரு பெரியவர் கேட்டார்:

"தம்பி, ஏழு ரூபாய்க்கு ஒரு டீ கூட வராதே?"

"டீக்கு இல்லைங்கய்யா. சித்திரை வைகாசியில ஊத்துற தண்ணிக்கு."

"அப்ப அம்பது கன்னுக்கு முன்னூத்தம்பது. டேங்கர்காரன் வந்து நின்னாலே அதுக்கு மேல கேப்பான்."

"அதான் அம்பதோட நிறுத்திக்கச் சொல்றது."

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் கணக்கு சரிதான். 50 கன்றைக் கோடையில் குடம் சுமந்து காப்பாற்ற ஒரு குடும்பத்தால் முடியும். 160 கன்று வாங்கினால் சொட்டு நீர் வேண்டும், இல்லையென்றால் பாதி காயும். இலவசம் என்பதற்காக வாங்கி, குழியில் இறக்காமல் வேலி ஓரம் அடுக்கி வைத்தே காயவிட்ட கன்றுகளும் உண்டு. அலுவலகக் கணக்கில் கொடுத்த கன்று ஏறும், நின்ற கன்றுதான் மரம். நின்றதை எண்ணிக் காசு கொடுக்கும் முறை, தொகை சிறிதானாலும், பழைய திட்டங்களைவிட மேல் என்றே சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்த எதிரி ஆடு. செம்மறி ஒரு மந்தை ஒரு தரம் வரப்பில் நடந்தால் மூன்று மாத உழைப்பு போயிற்று. சீமைக் கருவேல முள்ளை வெட்டிக் கன்றுக்குச் சுற்றி வைப்பதுதான் மலிவான காப்பு. நிலத்தையே பிடித்துக்கொண்ட அந்த முள்மரம், அதை அகற்ற நடும் கன்றுக்கே காவல் நிற்பது ஒரு வேடிக்கை.

நெல் வயல் வரப்பில் தேக்கு வைப்பவர்கள் வடக்கு, மேற்கு வரப்புகளைப் பார்த்து வைத்தால் நிழல் தொல்லை குறையும். பக்கத்து நிலத்துக்காரரோடு முதலிலேயே பேசிக்கொள்வதும் அவசியம். வேரும் நிழலும் பட்டா எல்லை பார்ப்பதில்லை.

வாசகர்கள் அடிக்கடி கேட்பது: "செம்மரம், சந்தனம் வைத்தால் பின்னால் வெட்ட விடுவார்களா?" பட்டா நிலத்தில் வளர்க்கத் தடையில்லை. ஆனால் சந்தனம், செம்மரம், தேக்கு போன்றவற்றை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். சந்தனத்தை விவசாயி தானே வெட்டி வெளியில் விற்க முடியாது. அதனால் நட்ட கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, மர வகையும் எண்ணிக்கையும் அடங்கலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் கழித்து, தாத்தா நட்டார் என்று வாயால் சொன்னால் போதாது. சந்தனத்துக்குத் திருட்டு பயமும் உண்டு. வீட்டை ஒட்டிய கொல்லையில் நாலு மரம் என்றால் சரி, ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் என்றால் காவலுக்கு ஆள் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஊர்ப் பொது நிலம்

பொது நிலத்தில் மரம் வளர்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1981 வாக்கில் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது கண்மாய் நீர்ப்பிடிப்புகளில் நாட்டுக் கருவேலம் வளர்க்கப்பட்டது. தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாத மரம் அது. காய் ஆட்டுக்கு, முள் வேலிக்கு, கட்டை விறகுக்கு, கிளை கொக்குக்கும் நாரைக்கும். வளர்ந்ததும் ஏலம் விட்டு, வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு. ஊர் கூடிக் காத்த கண்மாயில் மரம் நின்றது, காக்காத கண்மாயைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. பிறகு 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு வந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழு என்று ஒன்றைச் சேர்த்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம். காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் பங்கு இல்லாமல் காடு நிற்காது என்பது அதிகாரிகளுக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது ஊராட்சிப் புறம்போக்குகளில் குறுங்காடு நடப்படுகிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகியின் முறை என்று பலகையும் இருக்கும். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடுவது. இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்ற ஊராட்சியில் ஆளும் மோட்டாரும் உண்டென்றால் அழகாக எழும்பும். திறப்பு விழாவோடு தண்ணீரும் நின்றுவிட்டால் பலகை மட்டும் மிஞ்சும். செலவு செய்யுமுன் பக்கத்துக் கோயில் காட்டைப் போய்ப் பார்த்து, அங்கே இருக்கும் மரத்து விதையை எடுத்து வந்து நாற்று விட்டால் பாதி வேலை முடியும்.

அப்படிப் பார்க்க வேண்டிய இடம் குளமங்கலம். வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று வேண்டுதல்காரர்கள் லாரியிலும் வேனிலும் காகிதப்பூ மாலை கொண்டுவந்து சாத்துவார்கள். கழுத்திலிருந்து கால்வரை மாலை தொங்க, குதிரையே தெரியாது. கூட்டம் குதிரையைப் பார்க்கும். விவசாயி அதோடு சுற்றியுள்ள மரங்களையும் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்துக் கோயில் காடுகள் பலவற்றில் காயா, வீரை, உலக்கைப்பாலை, உசில், நாவல் என்று இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் இருக்கின்றன. பல மரங்கள் வறட்சியிலும் இலை உதிர்ப்பதில்லை. மெதுவாக வளர்பவை, காகித ஆலைக்கு ஆகாதவை. யாரும் கன்று கொடுக்கவில்லை, யாரும் குழி எண்ணவில்லை. சாமி காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டில் நின்றவை. சில ஊர்களில் கோயிலுக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டவும் வண்டி நிறுத்தவும் இந்தக் காட்டையே வெட்டுகிறார்கள். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அய்யனாருக்கு மண்டபம் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், நூறு வருஷத்து வீரை மரத்தை எந்த நாற்றங்காலிலும் வாங்க முடியாது.

கஜாவுக்கு மறு வருஷம் கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் சொந்தக் காசும் வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் அனுப்பிய காசும் போட்டுக் குளங்களைத் தூர் வாரினார்கள். வாரிய மண்ணைக் கரையில் போட்டுப் பனை விதையும் ஊன்றினார்கள். குளம் நிரம்ப வேண்டுமானால் வாரியும் திறக்க வேண்டும், மேலே தைலமரக் காட்டு வரப்பிலும் வழி விட வேண்டும் என்பது அவர்களுக்கு மண்வெட்டி பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எந்த வரப்பில் எங்கே வாய் திறந்தால் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வனத்துறையும் நீர்வளத்துறையும் ஊராட்சியும் ஒரே நாளில் அவர்களோடு மேட்டுக்காட்டில் நடந்து பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

கன்று வேண்டுவோர் உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது ஆதார், சிட்டா நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். குழியை ஆவணியிலேயே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி ஆறவிட்டு, தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து வைத்துக்கொண்டு, ஐப்பசி முதல் மழையில் நட வேண்டும். தை பிறந்த பிறகு கன்று வந்தால் அன்போடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த ஐப்பசிக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டு வருவது நல்லது.